அழுத்தமானி 15 பவுண்டில் நிற்கிறது, நிறம் மட்டும் தொகுதிக்குத் தொகுதி மாறுகிறது: ஆட்டோகிளேவ் சோதனையில் எங்கே கோளாறு?

#1 குடுவை_7

குளுக்கோஸும் லைசினும் (ஓர் அமினோ அமிலம்) சூட்டில் சேர்ந்து பழுப்பேறும் மெயிலார்ட் வினையை அளக்கிறேன். அமைப்பு இது. 50 லிட்டர் செங்குத்து ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் சூடாக்கும் மூடிய கலன்). அடியில் தண்ணீர், ஹீட்டர். வெளியேற்று வால்வு மூடியில். கட்டுப்படுத்துவது பிரஷர் சுவிட்ச். 250 மி.லி. கண்ணாடி ஜாடிகள், ஒவ்வொன்றிலும் 200 மி.லி.

மாதிரி அ: குளுக்கோஸ் 0.1 மோலார், லைசின் 0.1 மோலார், பிஹெச் 6.8 பாஸ்பேட் தாங்கல் கரைசலில்.
மாதிரி ஆ: அதே கரைசலில் 5 சதவீதம் மக்காச்சோள ஸ்டார்ச்.

அழுத்தமானி சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டைத் தொட்டதும் நேரம் எண்ண ஆரம்பம், 15 நிமிடம், பிறகு அடுப்பை அணைத்துத் தானாக ஆற விடுதல். பழுப்பு நிறத்தின் அடர்த்தியை 420 நானோமீட்டரில் ஒளி உட்கவர்வாகப் பார்க்கும்போது தொகுதிக்குத் தொகுதி கால் பங்கு வரை வித்தியாசம். அழுத்தமானி எல்லா முறையும் அசையாமல் 15-இல்தான் நிற்கிறது.

இரண்டு கேள்வி. ஒன்று, வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? இரண்டு, அடுத்த கட்டமாக இதே கரைசலை 600 மெகாபாஸ்கல் உயரழுத்தக் கலனில் வைத்து ஒப்பிட வேண்டும். இரண்டையும் எந்த அடிப்படையில் ஒப்பிடுவது?

#2 நீராவிக்கணக்கு

அழுத்தமானி பொய் சொல்லவில்லை. நீங்கள் அதனிடம் கேட்கும் கேள்விதான் தப்பு. அது காட்டுவது மொத்த அழுத்தம். ஜாடிக்குச் சூடு கொடுப்பது நீராவியின் பகுதி அழுத்தம் மட்டுமே. உள்ளே காற்று மிச்சமிருந்தால் 15 பவுண்டில் ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்கிறது. டால்டன் விதி, வேறொன்றுமில்லை.

15 பவுண்ட் என்பது வெளிக்காற்றையும் கூட்டினால் சுமார் 205 கிலோபாஸ்கல். அத்தனையும் நீராவி என்றால் 121 °செ. காற்று கலந்திருந்தால்:

10 சதவீதம் காற்று: நீராவி 184.5 கிலோபாஸ்கல், சுமார் 117.7 °செ
20 சதவீதம் காற்று: 164 கிலோபாஸ்கல், சுமார் 114 °செ
30 சதவீதம் காற்று: 143.5 கிலோபாஸ்கல், 110 °செ

மூன்றிலும் உங்கள் கேஜில் அதே 15தான்.

செங்குத்துக் கலனில் வால்வு மேலே இருப்பது கூடுதல் தொல்லை. ஒரே வெப்பத்தில் காற்று நீராவியைவிடக் கனமானது, அது கீழே தங்கப் பார்க்கும். அடியிலிருந்து எழும் நீராவி அதைக் கலக்கிக் கலக்கித்தான் மேலே தள்ள வேண்டும். வால்வில் புகை தெரிந்த உடனே மூடினால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். நீராவி இடைவிடாமல் சீறத் தொடங்கிய பிறகு குறைந்தது 10 நிமிடம் திறந்தே வையுங்கள். ஜாடிகளை நெருக்கி அடுக்காதீர்கள். கவிழ்த்த பீக்கர், அலுமினியத் தாளில் இறுகச் சுற்றிய கட்டு எல்லாம் காற்றுப் பைகள்.

இன்னொன்று: கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே எவ்வளவு என்பதைத்தான். கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று சுமார் 84.5 கிலோபாஸ்கல். அங்கே சுத்தமான நீராவியே இருந்தாலும் 15 பவுண்டில் 118 °செ-தான் கிடைக்கும்.

#3 மூடிதிருகி

காற்று ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சாதாரண விஷயம் கேட்கணும். ஜாடி மூடியை இறுக்கி வைக்கிறீங்களா, அரைத் திருகு தளர்த்தியா?

தளர்த்தி வைச்சா, ஆறும்போது அழுத்தம் இறங்க இறங்க உள்ளே கொதிச்சு தண்ணி போகும். 200 மி.லி.யில் 10 மி.லி. போனாலே செறிவு 5 சதவீதம் ஏறிடும். ரெண்டு வினைபொருளும் சேர்ந்து ஏறுது, அதனால நிறத்துல அதைவிட அதிகமாத் தெரியும். ஒவ்வொரு ஜாடியையும் முன்னும் பின்னும் எடை போடுங்க. எடை குறைஞ்ச ஜாடியோட கணக்கைச் சேர்க்காதீங்க, இல்லேன்னா தண்ணி சேர்த்து சரிபண்ணிட்டு அளங்க.

இறுக்கி வைச்சா வேற ஆபத்து. மேலே இடம் விடாம நிரப்பினா திரவம் விரிஞ்சு மூடியைத் தூக்கும், இல்லே கண்ணாடி போகும். 250-க்கு 200 சரியான அளவுதான். ஆனா வெளி அழுத்தத்தை வேகமா இறக்கக் கூடாது. உள்ளே இன்னும் 115-இல இருக்கும் திரவம், வெளியே அழுத்தம் இல்லே, மூடி பறக்கும். ஜாடி நடுவெப்பம் 80-க்குக் கீழே வந்த பிறகுதான் ஆட்டோகிளேவ் மூடியைத் தொடணும்.

மாதிரி ஆ-வை நேராக உட்கவர்வு பார்க்கிறீங்களா? ஸ்டார்ச் கலங்கல் ஒளியைச் சிதறடிக்கும். அது நிறம் கிடையாது. மையவிலக்கில் தெளியவைச்சு, சர்க்கரை சேர்க்காத ஸ்டார்ச் கரைசலை அதே மாதிரி சூடாக்கி வெற்றுமாதிரியா வைங்க.

#4 அரீனியஸ்தம்பி

அந்தக் கால் பங்கு வித்தியாசத்தையே ஒரு வெப்பமானியாகப் பயன்படுத்தலாம்.

பழுப்பேறும் வினைக்குக் கிளர்வு ஆற்றலை (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) மோலுக்கு 100 கிலோஜூல் என்று வைத்துக்கொள்வோம். 121 °செ-க்கு அருகில் இசட் மதிப்பு = 2.303 × 8.314 × 394² ÷ 100000, அதாவது சுமார் 30 °செ. 30 டிகிரி ஏறினால் வேகம் பத்து மடங்கு. 3 டிகிரி ஏறினால் 10^0.1 = 1.26 மடங்கு. ஆக, கால் பங்கு வித்தியாசம் என்பது ஏறக்குறைய 3 டிகிரி வித்தியாசம். 118 °செ-க்கு நீராவி 186 கிலோபாஸ்கல் போதும். மீதி 19 கிலோபாஸ்கல் காற்று, அதாவது 9 சதவீதம். நீராவிக்கணக்கு சொன்ன பட்டியலின் முதல் வரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறீர்கள்.

இதில் கவனிக்க வேண்டியது நிறம் அல்ல. உணவை நஞ்சாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்யூலினம் என்ற பாக்டீரியாவின் ஸ்போர் (சூடு தாங்கும் உறக்க நிலை) அழிவுக்கு இசட் 10 °செ. அதே 3 டிகிரி குறைவு அங்கே 10^−0.3, அதாவது பாதி. நிறம் கால் பங்கு அசையும்போது கிருமியழிப்பு பாதியாகச் சரிந்திருக்கும். "பார்த்தா ஒரே மாதிரிதான் இருக்கு" என்று தொகுதிகளை ஏற்றுக்கொள்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஒரு எச்சரிக்கை: 420-இல் தெரியும் நிறம் வினையின் கடைசிப் படி. ஆரம்பத்தில் நிறமற்ற இடைப்பொருளான அமடோரிச் சேர்மம் உருவாகும்வரை நிறமே வராது, பிறகு வளைவு மேலே திரும்பும். அந்த வளைவுப் பகுதியில் அளந்தால் ஒரு நிமிட வித்தியாசம்கூடப் பெரிதாகத் தெரியும். எனவே 3 டிகிரி என்பது தோராயம். சென்சார் வைக்காமல் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

#5 குடுவை_7

மூடி அரைத் திருகு தளர்வு. எடை போடவில்லை. வால்வில் நீராவி தெரிந்ததும் ஒன்றிரண்டு நிமிடத்தில் மூடிவிடுவதுதான் வழக்கம். மாதிரி ஆ மையவிலக்கு இல்லாமல் அளந்ததுதான். (ஆம், வெட்கமாக இருக்கிறது.)

ஜாடிக்குள் தெர்மோகப்பிள் (கம்பி வெப்ப உணரி) வைக்க வழி இருக்கிறது. எங்கே வைப்பது? படிக்கும் எண்களை வைத்து எஃப்-நாட் (மொத்தக் கிருமியழிப்பு 121.1 °செ-இல் எத்தனை நிமிடத்துக்குச் சமம் என்பது) எப்படிக் கணக்கிடுவது?

#6 நீராவிக்கணக்கு

டி (T) வகைத் தெர்மோகப்பிள், மெல்லிய கம்பி. தடித்த உலோக ஊசி வேண்டாம். அது வெளிச்சூட்டைத் தானே உள்ளே கடத்தி நடுவெப்பத்தைக் கூட்டிக் காட்டும். பயன்படுத்தும் முன்னும் பின்னும் பனிக்கட்டி நீரில் 0 சோதனை, 121-க்கு அருகில் சரிபார்த்த வெப்பமானியோடு இன்னொரு சோதனை. சென்சார் ஒரு டிகிரி தவறினால் எஃப்-நாட் 26 சதவீதம் தவறும். பலர் இரண்டு தசம இடத்துக்கு எஃப்-நாட் எழுதுவதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

இடம்: மாதிரி அ மெல்லிய திரவம். ஓரத்தில் சூடாகி மேலேறி நடுவில் இறங்கும், அதனால் மிகத் தாமதமாகச் சூடாகும் புள்ளி நடு அச்சில், அடியிலிருந்து மூன்றிலொரு பங்குக்குள் இருக்கும். மாதிரி ஆ ஆரம்பத்தில் அப்படித்தான் நடக்கும். ஸ்டார்ச் கெட்டிப்பட்டதும் சுழற்சி நின்று கடத்தல் மட்டுமே மிஞ்சும். அப்போது குளிர்ப்புள்ளி நடுமையத்துக்கு நகர்ந்துவிடும். வெப்பமேறும் வரைபடத்தில் நடுவே ஒரு முறிவு தெரியும். முறிவுக்கு முன் பாதியை வைத்து மீதியைக் கணிக்கக் கூடாது. ஆ-வில் இரண்டு உயரத்தில் இரண்டு கம்பி வையுங்கள்.

கணக்கு எளிது. ஒவ்வொரு நிமிடமும் அழிவு வீதம் = 10^((வெப்பம் − 121.1) ÷ 10). எல்லாவற்றையும் கூட்டினால் எஃப்-நாட், நிமிடத்தில். ஒரு மாதிரிக் கணக்கு:

100 °செ: 0.008
105: 0.025
110: 0.078
114: 0.195
117: 0.389
119: 0.617
120: 0.776
120: 0.776
118: 0.490
112: 0.123
105: 0.025

கூட்டினால் 3.5 நிமிடம். 121-ஐத் தொடவே இல்லை, ஆனாலும் 3.5 சேர்ந்துவிட்டது. பிகிலோ குழுவினர் 1920-இல் தந்த பொது முறை இதுதான். 1923-இல் பால் வந்து சூத்திர முறையாக்கினார். கணினி இருக்கும்போது பொது முறையே போதும், அதுவே நேர்மையானதும்கூட.

#7 நுண்ணுயிர்மேசை

எண்ணுக்கு அர்த்தம் தெரியாமல் கூட்டிவிடக் கூடாது என்பதற்காக: 121.1-இல் பாட்யூலினம் ஸ்போரின் டி (D) மதிப்பு, அதாவது எண்ணிக்கை பத்திலொன்றாகக் குறையும் நேரம், 0.21 நிமிடம் என்று எடுக்கிறார்கள். அப்படி 12 முறை பத்திலொன்றாகக் குறைய 2.52 நிமிடம், அதைத்தான் முழுதாக்கி 3 என்று வைத்துக்கொள்கிறார்கள். பிஹெச் 4.6-க்கு மேலே, நீர்ச் செயல்பாடு (கிருமிக்குக் கிடைக்கும் நீரின் அளவு) 0.85-க்கு மேலே உள்ள பொருளுக்கு அது அடித்தளம். நடைமுறையில் 6 அல்லது அதற்கு மேல் போவது, கெடுக்கும் ஸ்போர்கள் பாட்யூலினத்தைவிடச் சூடு தாங்கும் என்பதால்.

சோதனைக்குப் பாட்யூலினத்தைக் கையாள வேண்டியதில்லை. நச்சு உண்டாக்காத கிளாஸ்ட்ரிடியம் ஸ்போரோஜீன்ஸ், பிஏ 3679 என்ற வகை, 121-இல் டி சுமார் 1 நிமிடம். ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் அதைவிடத் தாங்கும். இவற்றில் ஒன்றைக் குளிர்ப்புள்ளியில் வைத்துப் பார்த்தால் தெர்மோகப்பிள் சொன்ன எஃப்-நாட் உண்மையா என்று தெரிந்துவிடும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் தெர்மோகப்பிள் இருந்த இடத்தைச் சந்தேகியுங்கள்.

#8 அரீனியஸ்தம்பி

"தானாக ஆற விடுதல்" என்று முதல் பதிவில் ஒரு வரி இருக்கிறது, யாரும் தொடவில்லை. பெரிய தப்பு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

111 °செ-இல் ஸ்போர் அழிவு வீதம் 0.1, 100-இல் 0.008, கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பழுப்பேறுதல் அப்படியில்லை. இசட் 30 என்றால் 111-இல் வேகம் 0.46, 100-இல் 0.2. மூடிய கலன் 121-இலிருந்து 100-க்கு மெதுவாக இறங்கும் நேரமெல்லாம் நிறம் ஏறிக்கொண்டே இருக்கும், கிருமியழிப்போ 111-க்குக் கீழே கிட்டத்தட்ட நின்றுவிடும். கலனில் தண்ணீர் எவ்வளவு, ஜாடி எத்தனை, அறை எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்து ஆறும் நேரம் தினமும் மாறும். உங்கள் "15 நிமிடம்" உண்மையில் 15 நிமிடமே இல்லை.

இதையே தலைகீழாகத் திருப்பினால்தான் அதிவெப்பப் பால் பதப்படுத்தல் ஏன் வேலை செய்கிறது என்று புரியும். 140 °செ, 4 விநாடி: அழிவு வீதம் 10^1.89 = 77.6, நான்கு விநாடிக்கு எஃப்-நாட் 5.2 நிமிடம். இசட் 25 உள்ள ஒரு வைட்டமின் சிதைவுக்கு அதே 4 விநாடி, 121-இல் 0.38 நிமிடத்துக்குச் சமம். அதே அழிப்பை 121-இல் செய்தால் 5.2 நிமிடமும் வைட்டமின் வெந்துகொண்டிருக்கும். பதினான்கு மடங்கு வித்தியாசம். பாகுபோன்ற பொருளுக்கு இது கைகொடுக்காது என்பதும் உண்மை; சூடு உள்ளே போகவே நிமிடங்கள் ஆகும், ஓரம் கருகிவிடும்.

#9 மூடிதிருகி

பாஸ்பேட்டைப் பத்தி ஒண்ணு சொல்லாம விட்டா நல்லா இருக்காது. பாஸ்பேட் வெறும் தாங்கல் இல்லே, மெயிலார்ட் வினைக்கு அதுவே வினையூக்கி. செறிவு மாறினா வேகம் மாறும். எத்தனை மோலார்னு முதல் பதிவுல இல்லே. கட்டுரையில கட்டாயம் போடுங்க. வினை நடக்க நடக்க ஃபார்மிக், அசிட்டிக் அமிலம் உண்டாகி பிஹெச் இறங்கும், இறங்கினா வினை தானே மெதுவாகும். முன்னும் பின்னும் பிஹெச் அளங்க, 25 °செ-க்கு ஆறின பிறகு.

#10 உயரழுத்தம்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பெயர் ஒன்று, பொருள் வேறு. ஆட்டோகிளேவில் அழுத்தம் என்பது தண்ணீர் 121-இல் கொதித்து ஓடாமல் இருக்கப் பிடித்து வைக்கும் மூடி மட்டுமே. மொத்தம் 0.2 மெகாபாஸ்கல். வேதியியலை நடத்துவது சூடு. 600 மெகாபாஸ்கல் அதைப்போல் சுமார் 3000 மடங்கு. அங்கே அழுத்தமே வினையில் கை வைக்கிறது. "இரண்டும் அழுத்தச் சமையல்தானே" என்று ஒரே வரைபடத்தில் போடாதீர்கள்.

கண்ணாடி ஜாடி உள்ளே போகக் கூடாது. மேலே காற்றிடம் உள்ள எந்தக் கெட்டிப் பாத்திரமும் நொறுங்கும். நெகிழும் பாலிஎத்திலீன் பௌச், காற்று முழுதும் வெளியேற்றி, இரண்டு முறை ஒட்டியது. தண்ணீரே 600 மெகாபாஸ்கலில் 15 சதவீதம் அளவுக்குச் சுருங்கும். பௌச்சுக்கு அந்த இடம் வேண்டும்.

அழுத்தும்போது சூடேறும். அறை வெப்பத் தண்ணீருக்கு 100 மெகாபாஸ்கலுக்கு ஏறத்தாழ 3 °செ. 25-இல் தொடங்கினால் 600-இல் சுமார் 43. கொழுப்புக்கு 6 முதல் 9 வரை. சுவர் குளிர்ந்திருந்தால் பிடித்து வைக்கும் நேரத்தில் சூடு சுவருக்குப் போகும். அழுத்தம் இறக்கியதும் மாதிரி தொடங்கிய வெப்பத்துக்கும் கீழே போய் நிற்கும். அப்படி நின்றால் நடுவில் எவ்வளவு இழந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

பாஸ்பேட் இங்கேயும் வில்லன். அழுத்தம் ஏறினால் பாஸ்பேட் மேலும் அயனியாகும், பிஹெச் 100 மெகாபாஸ்கலுக்கு 0.3 முதல் 0.4 வரை இறங்கும். 600-இல் நீங்கள் அளப்பது பிஹெச் 6.8 வினையே அல்ல.

#11 குடுவை_7

அப்படியென்றால் பாஸ்பேட்டுக்குப் பதில் டிரிஸ் தாங்கல்? அழுத்தத்தில் அதன் பிஹெச் அதிகம் அசையாது என்று கேள்வி.

#12 அரீனியஸ்தம்பி

வேண்டவே வேண்டாம்! டிரிஸ் ஒரு முதன்மை அமீன். லைசினோடு போட்டி போட்டு அதுவும் குளுக்கோஸைப் பிடிக்கும். போதாததற்கு வெப்பத்தில் டிகிரிக்கு 0.028 பிஹெச் இறங்கும். 25-இலிருந்து 90-க்குப் போனாலே 1.8 அலகு. எம்ஈஎஸ் என்ற தாங்கலைப் பாருங்கள்: மூவிணைய அமீன், சர்க்கரையோடு சேராது, அழுத்தத்தில் பிஹெச் மிகக் கொஞ்சமே நகரும். பிகேஏ (தாங்கும் வலிமை உச்சத்தில் இருக்கும் பிஹெச்) 6.1 என்பதால் 6.8-இல் தாங்கும் வலிமை குறைவு, 6.4-க்கு இறங்கிக்கொண்டால் நல்லது. ஆட்டோகிளேவ் மாதிரியையும் அதே தாங்கலில் திரும்பச் செய்ய வேண்டும், இல்லையென்றால் ஒப்பீடே இல்லை.

#13 உயரழுத்தம்

ஒப்பிட வேண்டியது கிளர்வுப் பருமனை (வினை நடக்கும் கணத்தில் மூலக்கூறுகளின் பருமன் எவ்வளவு மாறுகிறது என்பதை). ஒரே வெப்பம், குறைந்தது ஐந்து அழுத்தம் (0.1, 150, 300, 450, 600), ஒவ்வொன்றிலும் வேக மாறிலி. அதன் இயல் மடக்கையை அழுத்தத்துக்கு எதிரே வரைந்தால் சாய்வு = −கிளர்வுப் பருமன் ÷ (வாயு மாறிலி × கெல்வின் வெப்பம்). மோலுக்கு −30 கன சென்டிமீட்டர் உள்ள வினை 25 °செ, 500 மெகாபாஸ்கலில் 400 மடங்குக்கு மேல் வேகமாகும். நேர்க்குறி என்றால் அதே அளவு மெதுவாகும். கோடு உயர் அழுத்தத்தில் வளையும். வளைந்தால் தொடக்கச் சாய்வை மட்டும் எடுங்கள்.

உங்கள் கரைசலில் எதிர்பார்க்க வேண்டியது: அமில, நடுநிலைப் பக்கத்தில் அழுத்தம் பழுப்பேறுவதைத் தாமதப்படுத்தும், பிஹெச் 8-க்கு மேலே வேகப்படுத்தும். அமினோ தொகுதியின் அயனியாதல் அழுத்தத்தோடு நகர்வது ஒரு காரணம், நிறம் உண்டாகும் கடைசிப் படிகளின் கிளர்வுப் பருமன் இன்னொன்று. நிறத்தை மட்டும் அளந்தால் இரண்டும் குழம்பும். லைசின் இழப்பையும் தனியாக அளவிடுங்கள்.

#14 நுண்ணுயிர்மேசை

"அழுத்தத்தில் பாதுகாப்பு வந்துவிடும்" என்று ஆய்வின் முன்னுரையில் எழுதிவிடாதீர்கள். வளரும் நிலையில் உள்ள பாக்டீரியாவை 600 மெகாபாஸ்கல் சில நிமிடத்தில் குறைக்கும். ஸ்போர் அறை வெப்பத்தில் அதைத் தாங்கும். அதனால்தான் உயரழுத்தப் பழச்சாறும் குளிரில் வைக்கப்படுகிறது. ஸ்போரையும் அழிக்க வேண்டுமென்றால் 90-க்கு மேலே சூடாக்கிக்கொண்டு அழுத்த வேண்டும்.

#15 நீராவிக்கணக்கு

சுற்றி வளைத்து ஒரு இடத்துக்கு வருகிறோம்: வினை வேகம் அளக்க 50 லிட்டர் ஆட்டோகிளேவ் சரியான கருவியே அல்ல. அது கிருமியழிக்கும் பெட்டி. வேக மாறிலிக்கு 1.5 முதல் 2 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடி நுண்குழாய், மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி இரு முனையும் தீயில் அடைத்து, சிலிக்கோன் எண்ணெய்த் தொட்டியில். சில விநாடியில் வெப்பம் ஏறிவிடும். எடுத்து உடனே பனிக்கட்டி நீரில். 121-இல் நீராவியும் அடைபட்ட காற்றும் சேர்ந்து உள்ளே 3 வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தம் இருக்கும், மெல்லிய குழாய் தாங்கும். ஆனாலும் தொட்டிக்கு முன் தடுப்புக் கண்ணாடி கட்டாயம். உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் எண்ணெயில் விழுந்தால் தெறிக்கும். பனிக்கட்டியில் போடும் முன் எண்ணெயைத் துடைக்க நின்று நேரம் போக்காதீர்கள், பிறகு துடைக்கலாம்.

100, 110, 120, 130 என நான்கு வெப்பம், ஒவ்வொன்றிலும் ஆறு நேரப்புள்ளி, புள்ளிக்கு மூன்று குழாய். சுழிய நேரப்புள்ளி என்பது தொட்டியில் போடாத குழாய் அல்ல. போட்டு வெப்பம் ஏறியவுடன் எடுத்த குழாய்.

#16 குடுவை_7

எம்ஈஎஸ் 6.4, நுண்குழாய், நான்கு வெப்பம் என்று மாற்றுகிறேன். மாதிரி ஆ நுண்குழாயில் ஏறுமா? 5 சதவீதம் ஸ்டார்ச் கூழானால் அடைத்துவிடும் போலிருக்கிறது.

#17 மூடிதிருகி

கூழாக்கினப்புறம் ஏத்தப் பார்த்தா அடைக்கும். பச்சை ஸ்டார்ச்சைக் குளிர்ந்த கரைசல்ல கலக்கி, படியறதுக்குள்ள ஊசியால ஏத்தி, உடனே அடைச்சு, தொட்டியில போடுற வரைக்கும் குழாயை உருட்டிக்கிட்டே இருங்க. எடுக்கும்போது குழாயை உடைச்சு வடிக்கப் பார்க்காதீங்க, பாதி உள்ளேயே ஒட்டும். எடை போட்ட சின்ன மையவிலக்குக் குழாய்க்குள்ள நசுக்கி, தெரிஞ்ச அளவு தண்ணி ஊத்தி, கண்ணாடியோட சேர்த்தே சுழற்றித் தெளிவை எடுங்க.

#18 நீராவிக்கணக்கு

அதோடு ஆ-வுக்கு முதல் நேரப்புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒரு குழாயில் மெல்லிய கம்பி வைத்து அ, ஆ இரண்டுக்கும் வெப்பமேறும் நேரத்தை அளந்த பிறகே எத்தனை விநாடி என்று முடிவு செய்ய வேண்டும்.

#19 குடுவை_7

சரி. கம்பி வைத்த குழாயிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.